எழுதுனது யாரு?

காய்ச்சலில் மூன்று நாள் படுத்துக் கிடந்துவிட்டு, டாக்டர் சான்றிதழோடு ஆபீசுக்குப் போனேன். என் மேலதிகாரியான அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சான்றிதழின் அடியில் இருந்த கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தார். என்ன நோய் என்று பார்க்கவே இல்லை.

"எழுதுனது யாருண்ணே?"

"டாக்டரு."

"அது தெரியுது. இந்த டாக்டரு உங்க வீட்டம்மாவுக்கு அண்ணன்தானே?"

ஆமாம், என் மச்சான்தான். ஆனால் காய்ச்சல் உண்மையான காய்ச்சல். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

"காய்ச்சல் இருந்துருக்கும்ணே. இல்லேன்னு நான் சொல்லல. உங்களுக்குக் காய்ச்சல்னு உங்க மச்சானே எழுதுனா, கேக்குறவனுக்கு என்ன தெரியும்? அடுத்தவாட்டி வேற ஆளுகிட்டக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, லீவு மனுவில் கையெழுத்தும் போட்டுத் தந்தார். போட்டுவிட்டு, கஷாயம் வைக்கச் சுக்கு வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். திட்டுவதும் அக்கறையும் அவரிடம் ஒரே மூச்சில் வரும். எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்குக் கோபப்படுவது என்று தெரியாமல் நான் பல நாள் முழித்திருக்கிறேன்.

டெல்லியில், மத்திய அரசின் சட்டப் பிரிவு ஒன்றில் அவர் அதிகாரி. நான் அவருக்குச் சுருக்கெழுத்தர். இரண்டு பேருக்கும் போடிதான் ஊர். அது தெரிந்ததே ஒரு போன் பேச்சில். யாரிடமோ, "வெரசா அனுப்பிவிடப்பா, எனக்குச் சோலி கெடக்கு" என்று அவர் சொன்னது காதில் விழ, நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அதன்பிறகு நாலு பேர் முன்னால் அவர் எனக்கு மேடம். தனியாக இருந்தால் ஆத்தா. அவரைவிட நான் ஆறு மாதம் மூத்தவன் என்று தெரிந்ததும் அவர் என்னை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தார். மேலதிகாரி வாயால் அண்ணே என்று கேட்பது ஒரு சுகம்தான்.

"எழுதுனது யாரு?" என்பது அவர் வாயில் ஒட்டிக்கொண்ட கேள்வி. ஊரிலிருந்து ஏலக்காய்ப் பொட்டலம் வாங்கிப்போய்க் கொடுத்தால், மேலே 'முதல் தரம்' என்று அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு, "விக்கிறவனே எழுதுனதா?" என்பார். பொட்டலத்தைப் பிரித்து, காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "நல்ல காய்தான்" என்று தானாக ஒரு சான்று கொடுத்த பிறகுதான் டீயில் போடுவார். என் மகளுக்கு வரன் பார்த்தபோது ஜாதகம் பொருந்திவிட்டது என்று குதித்துக்கொண்டு போனேன். பார்த்தது மாப்பிள்ளை வீட்டு ஜோசியரா, நம்ம ஜோசியரா என்று கேட்டு என் குதிப்பை அடக்கினார். என் மனைவிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "அந்தப் பொம்பளைக்கு யார் மேலயும் நம்பிக்கை கெடையாது" என்பாள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வேலை ஒப்பந்தங்கள். ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டுக்குக் கூட்டுப் பயிற்சிக்குப் போகும். போன இடத்தில் ஒரு சிப்பாய் தப்புச் செய்துவிட்டால் அவனை விசாரிப்பது யார், எந்த நாட்டுச் சட்டம், எந்த நாட்டுச் சிறை என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வார்கள். சண்டைக்கு வேண்டிய சங்கதிகளை ராணுவ அதிகாரிகள் பேசுவார்கள். இந்த வில்லங்கத்தை அந்த அம்மா பேசுவார்.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். வேலையில் இருக்கும்போது நடந்த தப்பு என்றால் அவனுடைய சொந்த நாடே விசாரிக்கும். வேலையில் இல்லாத நேரத்தில் நடந்தது என்றால் தப்பு நடந்த நாடு விசாரிக்கும். அப்படியானால் அவன் வேலையில் இருந்தானா இல்லையா என்று சொல்ல வேண்டியது யார்? அவனுடைய தளபதி ஒரு சான்று எழுதிக் கொடுப்பார், அதுவே முடிவு, கோர்ட் அதற்கு மேல் ஒன்றும் கேட்கக் கூடாது என்றது எதிர்த் தரப்பு. எந்த நாடு என்று நான் சொல்லப் போவதில்லை. எங்கள் தரப்பிலேயே முக்கால்வாசிப் பேர் தலையாட்டத் தயாராக இருந்தார்கள். அந்த அம்மா மட்டும் பேனாவை மூடி வைத்தார்.

அந்த ஒரு வரியில் பேச்சு ஒன்றரை வருசம் நின்றது. சிப்பாய்க்குப் பாதகமாக இவர் நிற்கிறார் என்று எதிர்த் தரப்பு நினைத்தது. அதுவும் இல்லை. அந்தச் சிப்பாய்க்கு வக்கீல் வேண்டும், அவன் வீட்டார் வந்து பார்க்க அனுமதி வேண்டும், குற்றச்சாட்டை அவனுடைய தாய்மொழியில் சொல்ல வேண்டும் என்று சேர்த்ததெல்லாம் இவர்தான். தாய்மொழி என்றதும் எங்கள் ஆட்களே சிரித்தார்கள். ஆட்சிமொழி என்று போட்டால் போதாதா என்றார்கள். "பயந்துபோன மனுசனுக்கு ஆட்சிமொழியா வாயில வரும்?" என்று என்னிடம் தமிழில் முனகிவிட்டு, தாய்மொழி என்றே தட்டச்சு செய்யச் சொன்னார். செய்தேன். அப்போது என் மகன் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒரு தடவை நேராகவே கேட்டேன். டீ குடித்துக்கொண்டே, வேறு யார் வீட்டுக் கதையையோ சொல்வது போலச் சொன்னார்.

அவருடைய அம்மா ஏலக்காட்டுக்குப் போனவர். விடிவதற்கு முன் போடியில் ஜீப்பு ஏறி, மலை மேலே தோட்டத்துக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அங்கே வரிசையில் நின்று, கங்காணி நோட்டை விரித்துப் பேர் போட்ட பிறகுதான் வேலை ஆரம்பித்ததாகக் கணக்கு. ஒரு நாள் கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு கவிழ்ந்தது. அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது. தோட்டத்து ஆபீசில் கேட்டபோது, அன்றைக்கு அந்த அம்மாள் வேலைக்கே வரவில்லை என்று நோட்டைக் காட்டினார்கள். நோட்டில் அப்படித்தான் இருந்தது.

"எழுதுனது யாரு?" என்றேன், என்னையும் அறியாமல்.

"எங்க சொந்தத் தாய்மாமன்ணே. அவருதான் கங்காணி. நல்ல மனுசன். வாரா வாரம் வந்து அம்மாவுக்கு மருந்து வாங்கிக் குடுத்துட்டுப் போவாரு. ஆனா நோட்டு தோட்டத்தோடது. நோட்டுல அவரு என்ன செய்வாரு?" டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "அதுகூடப் போகட்டும். எட்டு வருசம் படுக்கையில கெடந்தாக. தோட்டத்துல இருந்து ஒருத்தர் வந்து, அந்தப் பொம்பள நடக்குறாளான்னு ஒரு வார்த்த கேக்கலண்ணே. வரவே இல்லேன்னு எழுதியாச்சுல்ல? வராத ஆளை எதுக்கு வந்து பாக்கணும்?"

இதை அவர் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. நிலச்சரிவில் சிக்கியவர்களை மீட்கும் பயிற்சிக்கு மலைச்சரிவான இடம் தேடினார்கள். பார்த்து வைத்த நாலைந்து இடங்களில் எங்கள் மலையும் ஒன்று. இரு தரப்பும் இடம் பார்க்க வந்து போடியில் தங்கினோம். எதிர்த் தரப்பின் சட்ட ஆலோசகர் உயரமான மனிதர், மரியாதை தெரிந்தவர், எந்நேரமும் ஒரு சின்ன நோட்டும் பென்சிலுமாக இருப்பார். மறுநாள் விடியலில் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு, வேலைக்குப் போகும் பெண்களின் ஜீப்புக்குப் பின்னால் எங்கள் ஜீப்பை விடச் சொன்னார் அந்த அம்மா.

வளைவுக்கு வளைவு அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். பனி இறங்கியிருந்தது. ஓர் இடத்தில் அந்த அம்மா வெளியே பார்த்தபடி, "இந்த வளவுதாண்ணே" என்றார். எனக்கு மட்டும், தமிழில். வெளிநாட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் இரக்கப்பட்டிருப்பார். இரக்கப்பட்டுப் போடுகிற கையெழுத்து இந்த அம்மாவுக்கு வேண்டாம்.

மேலே தோட்டத்தில் பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சூப்பர்வைசர் பேர் கூப்பிட்டு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். வேலை எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று வெளிநாட்டுக்காரர் கேட்க, அந்த அம்மா மொழிபெயர்த்தார்.

முன்னால் நின்ற ஒரு பெண் சொன்னாள்: "அடுப்பு பத்த வைக்கயிலயே ஆரம்பிச்சிருது சார். நோட்டுலதான் எட்டு மணிக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, வருகிற வழியில் ஜீப்பில் அடிபட்டால் எப்படி என்று கேட்டார். இந்தக் கேள்வியை அந்த அம்மா கேட்கச் சொல்லவில்லை, அவராகவே கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள்.

"இப்பல்லாம் அப்படி ஒண்ணும் ஆகுறதில்ல சார்" என்றார் சூப்பர்வைசர்.

"ஆனா?" என்றார் வெளிநாட்டுக்காரர்.

"ஆனா நோட்டுல உள்ளபடிதான்."

"அந்த நோட்டை நான் பார்க்கலாமா?"

சூப்பர்வைசர் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஆபீஸ்ல கேக்காம வெளியாளுகிட்டக் காட்டக் கூடாதுங்க. எனக்கு வேலை போயிரும்" என்றார். பாவம், அவர் சொன்னதில் தப்பே இல்லை. வெளிநாட்டுக்காரர் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றார். அந்த அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதது போல ஒரு செடியின் அடியில் குனிந்து காய் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இறங்கும்போது அந்த மனிதர் ஒரு வளைவிலும் கண்ணை மூடவில்லை. பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். போடி வந்து சேர்ந்ததும் நோட்டை அந்த அம்மாவிடம் நீட்டினார். தளபதியின் சான்றைக் கோர்ட் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் வண்டி போன வழியை எழுதிவைத்த புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், எழுதியவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். அவ்வளவுதான். அந்த வரிதான் ஒப்பந்தத்தில் ஏறியது.

அன்றைக்குச் சாயங்காலம் சந்தோஷமாக இருப்பார் என்று பார்த்தால், ஒரு மாதிரியாக இருந்தார். "இந்த வரி ரெண்டு பக்கமும் வெட்டும்ணே. நம்ம பயலுக அங்க போனாலும் இதுதான்" என்றார். நான் சரி ஆத்தா என்றேன். ராத்திரிக்குப் புரோட்டா வாங்கலாமா, இட்லி வாங்கலாமா என்பது என் யோசனையாக இருந்தது.

பயிற்சி கடைசியில் எங்கள் மலையில் நடக்கவே இல்லை. வேறு ஏதோ மாநிலத்துக்குப் போய்விட்டது.

பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு பேருமே போடிக்கு வந்துவிட்டோம். அவர் தனி ஆள். ராசிங்காபுரம் போகும் ரோட்டில் சின்னதாக ஒரு வீடு. மனு எழுத வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்பார். எழுதுவதற்கு முன்னால் வந்தவர்களைப் படுத்துகிற பாட்டில் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப் அடிக்கிற ஆளிடமே போய்விடுவார்கள்.

என் மகன் பயிற்சிக்காக வெளிநாடு போனான். அதே நாடு. அங்கே ஒரு நாள் முகாமுக்குக் காய்கறி எடுத்து வரச் சின்ன டிரக்கில் அனுப்பியிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு திரும்பி வருகிற வழியில், தன் பெண்ணுக்கு ஒரு பொம்மை வாங்கலாமே என்று இரண்டு தெரு தள்ளித் திருப்பியிருக்கிறான். அந்த இரண்டாவது தெருவில், ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு வயதான அம்மா மீது வண்டி மோதிவிட்டது. உயிருக்கு ஆபத்து இல்லை. கால் நொறுங்கிவிட்டது. போனில் அழுதுகொண்டே அவன் சொன்னது இது.

காய்கறி எடுக்கப் போனது வேலை. பொம்மை வாங்கத் திரும்பியது? அவனுடைய மேலதிகாரி சான்று எழுத வேண்டும். அதற்கு முன்னால், நடந்ததை உன் கையால் எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறார். அவன் என்ன எழுதுகிறானோ அதில்தான் எல்லாம் இருந்தது. அந்த இரண்டு தெருவை விட்டுவிட்டு எழுதினால் விசாரணை இங்கே, நம் ஊரில். சேர்த்து எழுதினால் அவன் அந்நிய நாட்டுக் கோர்ட்டில் நிற்க வேண்டும்.

பஸ்சுக்குக்கூடக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்துப் போனேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த வரிய ஒப்பந்தத்துல ஏத்துனது நீதானே ஆத்தா. கோர்ட்டு சந்தேகப்படாத மாதிரி எப்படி எழுதணும்னு உனக்குத் தெரியாதா? நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன். அவனுக்கு அனுப்பிவிட்டுர்றேன்."

"தெரியும்ணே" என்றார். கீரையைத் தள்ளி வைத்தார். "நோட்டு கொண்டாந்துருக்கீங்களா?"

கொண்டுபோயிருந்தேன். பழைய பழக்கத்தில் பென்சிலைக் கூர் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முகாமிலிருந்து கிளம்பிய நேரம். காய்கறி ஏற்றிய இடம். அப்புறம், "திரும்பி வரும் வழியில், என் சொந்தக் காரியமாக, இரண்டு தெரு தள்ளி வண்டியைத் திருப்பினேன்" என்றார்.

என் பென்சில் நின்றுவிட்டது.

"அது வேண்டாம் ஆத்தா."

"அது இல்லாம எழுதணும்னா நான் எதுக்குண்ணே?"

"ஒனக்குப் புள்ள குட்டி இருந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் மாறவில்லை. வளைவு வந்தபோது ஜீப்புக்கு வெளியே பார்த்தாரே, அதே போலக் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து மேலே சொன்னார். வக்கீல் கேள். தாய்மொழியில் குற்றச்சாட்டைப் படிக்கச் சொல். வீட்டாரைப் பார்க்க விடச் சொல். ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவில் எந்த உரிமை இருக்கிறது என்று, ஒரு தாளும் பார்க்காமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். அத்தனையும் என் கையால் தட்டச்சு செய்ததுதான். எனக்கு ஒன்றுகூட நினைவில்லை.

"தெருவ விட்டுட்டு அனுப்புறதுன்னா அனுப்புங்க. உங்க மகன், உங்க இஷ்டம். நான் சொன்னதா மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, இரண்டு தெருவையும் விட்டுவிட்டுத்தான் மகனுக்குப் படித்துக் காட்டினேன். ஒளிக்க ஒன்றுமில்லை; அப்படித்தான் செய்தேன். மறுமுனையில் அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பா, அந்தம்மா ரோட்டுல கெடந்து என்னையத்தான் பாத்தாங்க" என்றான். அவன் தெருவைச் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிட்டான்.

அந்த நாட்டுக் கோர்ட்டில் விசாரித்தார்கள். ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னாராம். மூன்று மாதம் உள்ளே இருந்தான். திரும்பி வந்தபோது வேலை தங்கியது, சட்டைக் கையில் இருந்த பதவிப் பட்டை போய்விட்டது. என் மனைவி அந்த அம்மா வீட்டுத் திசைக்கே கும்பிடு போட்டுவிட்டாள். நானும் அந்த ஒரு வருசம் ராசிங்காபுரம் ரோட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பையன் உண்மையைத்தான் சொன்னான் என்று தெரிந்தும் எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருசமாகிறது. இன்றைக்கும் சில நாள் அந்தக் கோபம் எட்டிப் பார்க்கும்.

மகன் ஊருக்கு வந்த மறுநாளே, "ராசிங்காபுரம் ரோட்டு அத்தையப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினான். தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் போனேன். போனவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன்.

அவர் படியிறங்கி வந்தார். ஜெயில் எப்படி இருந்தது என்றோ, உடம்பு எப்படி இருக்கிறது என்றோ கேட்கவில்லை.

"வாப்பா. அந்த அம்மா நடக்குதா?"

"நடக்குறாங்க அத்தை. கம்பு ஊண்டி."

"யாரு சொன்னது?"

"நானே பாத்தேன். கெளம்புறதுக்கு முன்னாடி கேட்டு அனுமதி வாங்கி, அவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். கதவ அவங்கதான் தொறந்தாங்க."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவன் கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார்.

அந்த வருசம் முழுவதும் நான் டெல்லிக்குப் போன் பேசினேன், வக்கீல்களுக்குக் கடிதம் எழுதினேன், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் போய்ப் பார்த்தேன். அடிபட்ட அந்த அம்மா நடக்கிறாரா என்று ஒரு தடவைகூட, ஒருவரிடமும், என் மகனிடமும்கூட, நான் கேட்கவில்லை.

"வெளிய ஏன்ணே நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்று அவர்தான் கூப்பிட்டார்.